இடுப்பில் கட்டிய பெட்டரி

புல் வெட்டும் தொழிலில் ஒரு வசதி உண்டு: எவ்வளவு மோசமாக வெட்டினாலும் இரண்டு வாரத்தில் தடயம் இருக்காது. நன்றாக வெட்டியதற்கும் தடயம் இருக்காது என்பதுதான் கஷ்டம். வீட்டுக்கு முன்னால் ஒரு துண்டுப் புல் வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பெட்டி வந்த அன்று கடையின் பின்பக்கம் நின்றவர்கள்: முதலாளி காசிம் ஹாஜியார், வேன் ஓட்டும் பியசேன, மெஷின் பிடிக்கும் இராமையா, வெட்டிய புல்லை வாரிச் சாக்கில் அடைக்கும் பூரணம், குழாய்க்கு வாஷர் வாங்க வந்து, பெட்டியைக் கண்டதும் போக மனமில்லாமல் நின்றுவிட்ட நடராசா ஐயா, இன்னொரு மெஷின் பிடிக்கும் நான், பெருமாள். மொத்தம் ஆறு பேர். கடைப் பூனையையும் சேர்த்தால் ஏழு, ஆனால் அது காலிப் பெட்டிக்காக வந்தது.

ஹாஜியாருக்குக் கண்டி டவுனில் ஹார்ட்வெயார் கடை. அதோடு ஒட்டிக்கொண்டிருந்த சின்ன வேலைதான் எங்கள் புல் வேலை. வாவிக்கு மேலே இருக்கிற பங்களாக்களிலிருந்து அம்பிட்டிய வரை, கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் போய் வெட்டுவோம். நானும் பூரணமும் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து ஆட்கள். இராமையா ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்துக்காரன். அதுவரை எங்கள் கையில் இருந்தது பெட்ரோல் மெஷின்.

அது யுத்த காலம். டவுனில் குண்டு வெடித்த பிறகு பெட்ரோல் ஷெட்டில் கேனுக்கு ஊற்றுவதை நிறுத்தினார்கள். கேனோடு போகிறவனின் அடையாள அட்டையில் இராமையா என்று பெயர் இருந்தால் கேனையும் ஆளையும் சேர்த்தே வைத்துக்கொள்வார்கள். பியசேன சிங்களவர் என்பதால் கொஞ்ச நாள் அவர் வாங்கித் தந்தார். டீசலில் ஓடும் வேனுக்கு எதற்கு அடிக்கடி பெட்ரோல் என்று அவரையும் ஒருநாள் கேட்டுவிட்டார்கள். அதோடு அவரும் கையை விரித்தார்.

அப்போதுதான் ஹாஜியாரின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து அந்தப் பெட்டியை அனுப்பினார். உள்ளே பெட்டரியில் ஓடும் புல் மெஷின் இரண்டு. ஹாஜியார் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "நோன்புப் பெருநாள் வரைக்கும் பாப்போம். இது சரிவந்தா புல்லு வேல ஈக்கும். சரிவராட்டி மூடிட்டு நாலு பேருக்கும் சலாம்."

பாட்டுக்காரன்

பெட்ரோல் மெஷினைக் கிளப்புவது ஒரு சண்டை. கயிற்றை இழுக்க வேண்டும், திட்ட வேண்டும், திரும்ப இழுக்க வேண்டும். கிளம்பிவிட்டால் தோள் நடுங்கும், காது அடைக்கும், சட்டையெல்லாம் புகை. ஒருவரை ஒருவர் கூப்பிடக் கையைத்தான் ஆட்டுவோம். புது மெஷின் ஒரு நீளக் கம்பு. நுனியில் ஒரு வட்டத் தட்டு, தட்டில் நைலோன் நூல். பெட்டரி தனியாக ஒரு பைக்குள் இருக்கும். அதைப் பெல்ட்டோடு இடுப்பில் கட்டிக்கொண்டால், அங்கிருந்து ஒரு வயர் கைப்பிடிக்குப் போகும். இராமையா சுவிட்சை அமுக்கினான். சத்தம் வரவில்லை என்று விட்டான். திரும்ப அமுக்கினான், திரும்ப விட்டான். அவன் காலடியில் ஒரு கைப்பிடிப் புல் ஏற்கனவே வெட்டுப்பட்டுக் கிடந்ததை நான்தான் காட்டினேன். தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றால் கேட்குமே, அவ்வளவுதான் அதன் சத்தம்.

முதல் வேலைக்குப் போன வீட்டில்தான் இன்னொன்று தெரியவந்தது. இராமையா வேலை செய்யும்போது பாடுவான். மெல்ல முணுமுணுப்பதல்ல, வாய்விட்டுப் பாடுவது. ஒரே பாட்டு, அதிலும் முதல் இரண்டு அடி. பக்கத்தில் இத்தனை வருஷம் நின்று வெட்டிய எனக்கே அது தெரியாது. புல் வாரிக்கொண்டிருந்த பூரணம் நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, அந்தப் பழைய மெஷினு நமக்கு எவ்வளவு நல்லது செஞ்சிருக்குன்னு இப்பதான் வெளங்குது."

உள்ளே வைத்து வெளியே விடுவது

பெட்டரிக்குள் அந்தச் சக்தி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பெட்ரோல் என்றால் கண்ணுக்குத் தெரியும், தீர்ந்தால் டாங்கி லேசாகும். கடையில் ஆணி நிறுக்கிற தராசு இருக்கிறது. ஒருநாள் வேலை முடிந்து வந்ததும் பெட்டரியை அதில் வைத்து நிறுத்தேன். இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் திரும்ப நிறுத்தேன். ஒரு குண்டூசி கூட வித்தியாசமில்லை. தராசில் பிழை என்று நினைத்துத் தட்டை மாற்றி வைத்தும் பார்த்தேன்.

நடராசா ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க வேலையில் மின்சாரப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். வெட்கத்தை விட்டு அவரிடம் கேட்டேன். "நிறை கூடாது காணும்," என்றார். "புதுசா ஒண்டும் உள்ளுக்கு வாறேல்லை. உள்ளுக்க இருக்கிறதைத்தான் இரவு முழுக்க ஒரு பக்கமாத் தள்ளி வைக்கிறம். அது திரும்பித் தன்ரை இடத்துக்குப் போகேக்க வேலை செய்யுது." எனக்குப் பாதி விளங்கியது. பூரணத்துக்கு முழுதும் விளங்கிவிட்டது போலத் தலையை ஆட்டினாள். அவளுடைய தம்பியை அந்த மாதம்தான் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்து, ஒரு இரவு வைத்திருந்துவிட்டு விட்டிருந்தார்கள். "ராத்திரி பூரா உள்ள வச்சிருந்து விடிஞ்சதும் வெளிய விடுறது. நம்ம பயலுகளையும் அப்படித்தானே சார்ஜ் பண்றாங்க?" என்றாள்.

புல் வாசம்

ஒரு பெட்டரி ஏழு பேர்ச் வெட்டும். எங்கள் பக்கத்தில் நிலத்தை அளப்பது பேர்ச்சில்தான், ஒரு ஏக்கருக்கு நூற்றறுபது. எட்டாவது பேர்ச்சைத் தொட்டால் நூல் சோர்ந்துபோகும், புல் வெட்டுப்படாமல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். வெறும் கண்ணால் ஒரு தோட்டத்தைப் பார்த்து எத்தனை பேர்ச் என்று சொல்வது எனக்கு அப்போதே பழக்கமாகிவிட்டது. அம்பிட்டியவில் நடராசா ஐயா வீட்டுப் புல் ஆறு பேர்ச். ஒரு மெஷினுக்கு அளவாக இருந்தது.

பெட்ரோல் மெஷினோடு நாங்கள் போகிற நாட்களில் ஐயாவின் மனைவி வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு பின்னறையில் போய் இருப்பார். சத்தம் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தோம். அதனால் அவர் தூங்குகிற நேரம் போகாமல், கேட்டுவிட்டே போவோம். பெட்டரி மெஷினோடு போன அன்று வழக்கம்போல ஜன்னல்கள் சாத்தப்பட்டன. நான் பாதித் தோட்டம் முடித்திருப்பேன். ஒரு ஜன்னல் திறந்தது. பிறகு இன்னொன்று. பிறகு அம்மா ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து விறாந்தையில் போட்டு உட்கார்ந்தார். கலவரத்தில் அவர்களுடைய கொழும்பு வீட்டை எரித்த கதை எங்களுக்குத் தெரியும். அது எப்படி எரிந்தது என்பதைப் பற்றி நாங்கள் யோசித்ததில்லை. வேலை முடிந்து பால் விடாத பிளேன்டி தந்தபோது அம்மா சொன்னார்: "புல்லுக்கு இப்படி ஒரு வாசம் இருக்கெண்டு இண்டைக்குத்தான் கண்டன் பெருமாள். உங்கட பழைய மெஷின் வந்தா எனக்கு எங்கட கொழும்பு வீடெல்லோ மணக்கிறது."

நனையக் கூடாத சாமான்

ஹாஜியார் எங்களுக்குச் சொன்ன எச்சரிக்கை ஒன்றே ஒன்று. பெட்டரி நனையக் கூடாது. மற்ற எந்த எச்சரிக்கையும் அவருக்கோ எங்களுக்கோ தோன்றவில்லை.

ஒருநாள் வேலை முடியும்போது கண்டி மழை தன் வழக்கப்படி சொல்லாமல் வந்தது. என்னுடைய பெட்டரியைக் கழற்றி வேனுக்குள் வைத்துவிட்டேன். இராமையாவின் பெல்ட் கொக்கி இறுகிக் கழறவில்லை. அவன் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தான். பெட்டரி நனையாமல் சட்டையை இழுத்து அதன்மேல் விட்டு, மேல் பட்டன் வரை பூட்டிக்கொண்டான். வயரை மடித்துச் சட்டைக்குள்ளேயே செருகிக்கொண்டான். அப்படியே வேனில் ஏறி உட்கார்ந்தான். எங்கள் மூன்று பேருக்குமே அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. பெட்டரி நனையவில்லையே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

டவுனுக்குள் இறங்குகிற வளைவில் செக் பொயின்ட். இறங்கச் சொன்னார்கள், இறங்கினோம். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினோம். இராமையா கையைத் தூக்கியதும் சட்டையும் தூக்கிக்கொண்டது. இடுப்பைச் சுற்றிக் கறுப்புப் பெல்ட், அதில் ஒரு கனமான பை, பையிலிருந்து மேலே போகும் சிவப்பு வயர். தமிழன், சட்டைக்குள்ளே. அந்தக் காலத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நொடியில் அந்த ரோட்டில் நின்ற ஆட்கள் நாங்கள் மட்டும்தான். ஆமிக்காரர் எல்லாரும் மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்தார்கள். துவக்குகள் மட்டும் வெளியே தெரிந்தன. பியசேன சிங்களத்தையும் மறந்து, தூக்கிய கையோடு வேனோடு ஒட்டிக்கொண்டார். இராமையாவின் கை அவனை அறியாமல் இறங்கி, பெல்ட் கொக்கிப் பக்கம் போகப் பார்த்தது. "தொடாதே!" என்று மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு கத்தல்.

பூரணம்தான் அசைந்தாள். வேனிலிருந்த புல் சாக்கை இழுத்து நடுரோட்டில் கவிழ்த்தாள். "தணகொள, சார், தணகொள!" என்று கத்தினாள். புல் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த சிங்களச் சொல் அது ஒன்றுதான். ஈரப் புல் ரோட்டில் குவிந்து கிடந்தது. பிறகு அந்தக் காவலுக்குப் பொறுப்பான சார்ஜன், தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு, புல் வெட்டுகிற மெஷின் என்றால் அந்தக் கரையில் போய் வெட்டிக் காட்டு என்றார். நான் வேனிலிருந்து கம்பை எடுத்துக் கொடுத்தேன். என் கை கம்பை விட மறுத்தது, இராமையாதான் பிடுங்கிக்கொண்டான். ரோட்டோரப் புல்லில் போய் நின்று, வயரைச் சொருகி, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சை அமுக்கினான். தேனீச் சத்தம் கேட்டது. புல் பறந்தது. சார்ஜன் எழுந்து, முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "சத்தம் இவ்வளவுதானா? நான் இதைவிடப் பெரிய சத்தத்தை எதிர்பார்த்தேன்."

வெட்டிக் காட்டு

அன்றோடு முடிந்திருந்தால் அது ஒரு கதை. ஆனால் அன்றிலிருந்து அந்த செக் பொயின்ட்டில் அது ஒரு சட்டமாகிவிட்டது. தமிழர் கொண்டுவருகிற அந்த மெஷினை ஒவ்வொரு தடவையும் இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். பெட்டரியை இடுப்பில் கட்டாமல், எல்லாருக்கும் தெரியும்படி வேனின் முன் சீட்டில் வைத்துக்கொண்டு போனோம். ஆனாலும் வெட்டிக் காட்ட வேண்டும். காவல் மாறும், ஆள் மாறும், வெட்டிக் காட்டு என்பது மட்டும் மாறாது. கொஞ்சம் வெட்டினால் போதாது. "இந்தப் பக்கமும்", "அந்த மரத்தடியும்" என்று கையை நீட்டுவார்கள். மெஷினுக்கு ஒரு பேர்ச் அங்கேயே போய்விடும்.

ஒரு தடவை, வெட்டிக் காட்டச் சொன்ன பொடியனிடம் நான் மரியாதையாக, "சரிங்க ஐயா" என்றேன். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். அவன் என் நரைத்த தலையையும் தன் மீசை முளைக்காத மூஞ்சியையும் விரலால் காட்டி ஏதோ சொன்னான். மற்றவர்கள் விழுந்து சிரித்தார்கள். "நான் இவருக்கு அண்ணன் என்றால் இவருடைய அம்மாவுக்கு என்ன வயதில் நான் பிறந்தேன்?" என்று அவன் கேட்டதாகப் பியசேன பிறகு சொன்னார்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒருநாள் திரும்பி வரும்போது. பெட்டரியை முழுக்கத் தீர்த்துவிட்டு, இராமையாவின் பாட்டோடு சந்தோஷமாக வந்தோம். செக் பொயின்ட்டில் வெட்டிக் காட்டு என்றார்கள். சுவிட்சை அமுக்கினால் மெஷின் செத்துக் கிடந்தது. சார்ஜ் என்றால் என்ன, அது எப்படித் தீரும் என்று பியசேன தன்னால் இயன்றவரை விளக்கினார். நடராசா ஐயா சொன்ன ஒரு பக்கமாகத் தள்ளி வைக்கிற கதையையும் நான் சொல்லச் சொன்னேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஹாஜியார் கடையை மூடிவிட்டு வந்து, பெட்டியோடு வந்த படத்தை விரித்துக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். நோன்பு திறக்கிற நேரமும் அங்கேயே கழிந்தது. அவருக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் தந்தது அந்த மீசை முளைக்காத பொடியன்தான். கொடுத்துவிட்டு அவன் கேட்டான்: "காலையில் புல் வெட்டிய சாமான் பின்னேரம் ஏன் வெட்டாது? அதற்குள் வேறு என்னத்தை வெட்டினீர்கள்?"

பாதிச் சவரம்

என் கணக்கு இப்படிப் போனது. ஒரு பெட்டரிக்கு ஏழு பேர்ச். போகும்போது காட்ட ஒன்று, வரும்போது காட்ட ஒன்று. மிச்சம் ஐந்து. இரண்டு மெஷினுக்கும் சேர்த்துப் பத்து. வாவிக்கு மேலே அம்பிட்டியப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருந்தது. எங்களுக்கு இருந்த வேலைகளில் அதுதான் பெரியது. அதன் புல் பன்னிரண்டு பேர்ச். பாருங்கள், ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர்ச் நீட்டிக்கொண்டு நிற்கும்.

அந்த வீட்டு எஜமானியம்மா, நாங்கள் நோனா என்போம், நல்லவர். ஆனால் பெட்டரியை அங்கேயே இரவு வைத்துச் சார்ஜ் ஏற்றலாமா என்று பியசேன கேட்டபோது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். காலம் அப்படி. அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது தடவையும் தோட்டத்தின் ஒரு மூலை உயரமாக நின்றதைப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். தன் மகளின் கல்யாணம் பெருநாளுக்கு முந்தின வாரம் அந்தப் புல்லில்தான் நடக்கப்போகிறது என்றார். முதல் நாள் வந்து ஒரு மூலை மிச்சமில்லாமல் வெட்டித் தர முடியாவிட்டால் இப்போதே சொல்லிவிடச் சொன்னார், அவர் வேறு ஆள் பார்ப்பார். ஹாஜியார் சொன்னதும் எங்களுக்குத் தெரியும். கெஸ்ட் ஹவுஸ் போனால் மற்ற வீடுகளின் வேலை வேனின் டீசலுக்கே போதாது. அது போனால் புல் வேலை இல்லை. முழுக்க வெட்டித் தருகிறோம் என்று தலையை ஆட்டிவிட்டேன். நோனா அந்த மூலையைக் காட்டிச் சொன்னார்: "என் வீட்டுக்காரர்தான் பாதிச் சவரத்தோடு சுற்றுவார். தோட்டத்தையுமா அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?"

புல் தீர்ந்த இடம்

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் செக் பொயின்ட்டில் வேன் நின்றது. அன்றைக்குப் பன்னிரண்டு பேர்ச்சும் வெட்டியாக வேண்டும். இங்கே எவ்வளவு குறைவாக வெட்டிக் காட்டிவிட்டுத் தப்பலாம் என்பதுதான் எங்கள் நாலு பேர் மூளையிலும் ஓடியது. லீவில் போயிருந்த அந்தப் பழைய சார்ஜன் திரும்பி வந்திருந்தார். இறங்கினோம். வெட்டிக் காட்டு என்றார். மெஷினைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போன இராமையா அப்படியே நின்றுவிட்டான். வெட்டப் புல் இல்லை. போகும்போதும் வரும்போதும் நாங்களே வெட்டிக் காட்டி வெட்டிக் காட்டி, அந்த இடம் முழுவதும் மண் தெரியச் சிரைத்துக் கிடந்தது. மேலே கல். கீழே பள்ளம்.

சுற்றுகிறதைக் காட்டினால் போதாதா என்று பியசேன கேட்டார். இராமையா சுவிட்சை அமுக்கினான், தட்டு சுற்றியது. சார்ஜன் தலையை ஆட்டினார். ஃபேனும்தான் சுற்றும், புல் மெஷின் என்றால் புல் வெட்ட வேண்டும் என்றார். அவர் எங்களைக் கஷ்டப்படுத்தச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு மேலே இருந்தவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். அவரும் எங்களோடு சேர்ந்து அந்த மொட்டை மண்ணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆமிக்காரர் நாலு பேரும் நாங்கள் நாலு பேரும் குனிந்து புல் தேடிய காட்சியை அந்த வழியாகப் போன பஸ் ஒன்று மெதுவாக ஊர்ந்து பார்த்துவிட்டுப் போனது. "என் மீசையை வெட்டட்டும்," என்றான் ஒருவன். முளைக்கட்டும் முதலில் என்றான் இன்னொருவன்.

மணல் மூட்டைகளுக்கு நடுவே மழையில் முளைத்த ஒரு கொத்துப் புல்லைக் கண்டுபிடித்தது பூரணம். மூட்டையில் கை வைத்ததும் ஒருவன் அதட்டினான். சார்ஜன் விடச் சொன்னார். அவள் அதை வேரோடு பிடுங்கி வந்து, "நான் புடிச்சுக்கிறேன், வெட்டுண்ணே" என்று நீட்டினாள். இராமையா, "கையெல்லாம் போயிரும் புள்ள" என்று பின்வாங்கினான். பிறகு அவள் தரையில் குழி பறித்து, அந்தக் கொத்தை நட்டு, மண்ணை அமுக்கி, கொஞ்சம் தண்ணீரும் தெளித்தாள். ஏழு பேர் சுற்றி நிற்க இராமையா ஒரே வீச்சில் அதன் தலையைச் சீவினான். இரண்டாவது மெஷினுக்கென்று கொத்தின் அடியில் ஒரு விரல் நீளம் மிச்சமிருந்தது. அதை நான் வெட்டினேன். "ஹரி, போங்க" என்றார் சார்ஜன். சிங்களத்தில் ஹரி என்றால் சரி.

அந்த இடத்தில் அதுவரை கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னவன் நான். அதையும் பாதி பியசேனதான் சொல்லுவார். அன்று வேனில் ஏறக் காலை வைத்தவன் திரும்பிவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியாது. பின்னேரம் திரும்பி வரும்போது பிடுங்கி நட அந்தக் கொத்தும் இல்லையே என்ற எண்ணம்தான் தள்ளியிருக்க வேண்டும். என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். சார், ஒரு வீச்சு போதும் என்று நீங்களே இப்போது பார்த்தீர்கள். இனிக் காட்டுவதற்கென்று ஒரு துண்டுப் புல்லை வளர விடுங்கள். ஒரு மெஷினுக்கு ஒரு வீச்சு, அதற்கு மேல் நாங்களும் வெட்ட மாட்டோம், நீங்களும் கேட்கக் கூடாது. இன்று பின்னேரத்துக்கு மட்டும் கெஸ்ட் ஹவுஸிலிருந்து வேரோடு ஒரு துண்டு தோண்டிக்கொண்டு வருகிறோம். பியசேன வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடம் சுத்தமாக இருக்கிறது என்று சார்ஜனுடைய பெரிய ஆள் பாராட்டியதாகப் பொடியன் முன்பே சொல்லியிருந்தான். சுத்தமும் போகக் கூடாது, சோதனையும் நிற்கக் கூடாது. சார்ஜன் மெல்ல நடந்து, பூட்ஸ் காலால் மண்ணில் ஒரு நீள்சதுரம் கீறினார். நாலு மூலைக்கும் கல் வைக்கச் சொன்னார். நான் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன், அரை பேர்ச்.

கெஸ்ட் ஹவுஸில் அன்று மெஷின் இரண்டும் பன்னிரண்டு பேர்ச்சையும் முடித்துவிட்டு இன்னும் ஓடின. நோனா மூலை மூலையாக நடந்து பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்காததால் இராமையாவின் பாட்டை நிறுத்தச் சொன்னார். தோண்டிக்கொண்டு வந்த புல் துண்டுகளைப் பின்னேரம் அந்தக் கீறலுக்குள் நட்டோம். ஆமிக்காரர் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அடுத்த வாரம் அந்த வழியால் போன ஒருவன் தன் மாட்டை அதில் கட்டப் போனான். சார்ஜன் மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து கத்தினார்: "அதைத் தொடாதே! அது நாட்டின் பாதுகாப்புக்கு வேண்டிய புல்!"

பெருநாளன்று ஹாஜியார் எங்கள் நாலு பேருக்கும் ஆளுக்கொரு கிண்ணம் வட்டிலப்பம் வைத்துவிட்டு, "பெட்ரோல் மெஷின் ரெண்டையும் வித்தாச்சி. இனி உங்கட பாடு, பெட்டரிட பாடு," என்றார்.

யுத்தம் முடிகிறவரை கண்டியைச் சுற்றி எத்தனையோ தோட்டங்களை ஒரு மூலை விடாமல் வெட்டிக்கொடுத்த நாங்கள், அடுத்த தடவை வெட்டிக் காட்டுவதற்கென்றே வெட்டாமல் மிச்சம் வைத்தது சரியாக அரை பேர்ச்.